நீலம் விளைகிற நிலம்

"அவுரி போட்டா நல்ல காசாமே சார், துணிக்குச் சாயம் போடுறவங்க தேடி வந்து வாங்கிக்கிறாங்களாமே?" இரண்டு மூன்று வருஷமாக எந்த உழவர் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுகிறார். நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். பயிர்க்கடன் மனு படித்தே கண்ணாடி பவர் ஏறினவன். ஓய்வு பெற்றபின் நாலு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் எள்ளும் இயற்கை வழியில் செய்கிறேன். அதில் 40 சென்ட் அவுரி. ஒரு பயிரை யாராவது "தங்கம்" என்று சொன்னால், எனக்கு உடனே மூன்று கேள்விதான் தோணும். வாங்குகிறவர் யார்? எதுக்கு வாங்குகிறார்? எத்தனை வருஷம் வாங்குவார்?

அவுரி விஷயத்தில் இந்த மூன்றுக்கும் பதில் தேடிப் போனால் அது நம்மை ஓர் எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஓவியக் கூடங்களில், சுவரில் படத்துக்குப் பதிலாகத் துணியைத் தொங்கவிடுகிற கலைஞர்களிடம். இலை நீலத்தைக் காத்திருந்து நல்ல விலைக்கு வாங்குகிறவர்களில் அவர்களும் அவர்கள் வழியில் நடக்கிற சிறு பட்டறைக்காரர்களும் முக்கியமானவர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நாம் விற்கிற சரக்கின் மதிப்பு நமக்கே தெரியும். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்குங்க.

துணி எப்போது கலையாச்சு?

நமக்குத் துணி என்றால் உடுத்த, விரிக்க, குழந்தைக்குத் தூளி கட்ட. ஓவியர்களும் துணி மேலேதான் காலங்காலமாகத் தீட்டுகிறார்கள். ஆனால் அங்கே துணி வண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் துணியையே முன்னால் கொண்டுவந்து, நூல், முறுக்கு, நெசவு, சாயம் இவைதான் கலை என்று சொன்னவர்கள் போன நூற்றாண்டில் வந்தார்கள்.

ஜெர்மனியில் 1919ல் பவுஹவுஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கியது. அங்கே சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை "நீங்கள் நெசவுக்குப் போங்க" என்று தறிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்தான் ஆனி ஆல்பர்ஸ். வேண்டாவெறுப்பாகத் தறியில் உட்கார்ந்தவர், நூலை வைத்தே ஓவியன் சொல்கிற எல்லாவற்றையும் சொல்லலாம் என்று காட்டினார். நாஜிகள் வந்தபோது 1933ல் அமெரிக்கா போனார். 1949ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய நெசவுகளுக்கு மட்டுமே தனிக் கண்காட்சி வைத்தார்கள். நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது.

1962ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நெசவுக்கலைக் கண்காட்சி தொடங்கியது. போலந்து நாட்டு மக்தலேனா அபகனோவிச் அங்கேதான் உலகத்தின் கண்ணில் பட்டார். பின்னாளில் அவர் பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து எடுத்த சிசல் கற்றாழை நாரில் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய உருவங்களை நெய்து கூரையிலிருந்து தொங்கவிட்டார். நம் வேலியோரக் கற்றாழை நார்தான். அது அருங்காட்சியகத்துக்குள் போயிற்று.

அடுத்து வந்தவர்கள் இன்னொரு படி கீழே இறங்கிக் கேட்டார்கள். துணிதான் கலை என்றால், இந்தப் பருத்தி எந்த மண்ணில் விளைந்தது, இந்த நிறம் எந்தச் செடியிலிருந்து வந்தது? கடையில் டப்பாவில் வாங்கின சாயத்துக்கும் நானே விதைத்து எடுத்த சாயத்துக்கும் வித்தியாசம் இல்லையா? இந்தக் கேள்வியோடு சிலர் நேரே வயலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீலம் எப்படி வருகிறது என்று பார்க்கணும்.

இலைக்குள்ளே நீலம் இல்லை

அவுரி இலையைக் கசக்கினால் பச்சைச் சாறுதான் வரும். இலைக்குள் இருப்பது இண்டிகன் என்ற நிறமில்லாத பொருள். இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இலையின் நொதிகள் அந்த இண்டிகனைச் சர்க்கரை வேறு, இண்டாக்சில் வேறு என்று உடைக்கின்றன. இந்த இண்டாக்சில் காற்றோடு சேரும்போதுதான் நீலமாக மாறுகிறது. அதனால்தான் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் தொட்டிகளில் இலையை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டியில் இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலாலும் துடுப்பாலும் அடித்து அடித்துக் கலக்குகிறார்கள். காற்று உள்ளே போகப் போக, பச்சை மஞ்சளாக இருந்த தண்ணீர் நீலமாகி நுரை பொங்கும். பிறகு தெளியவிட்டு, அடியில் தங்கின சேற்றைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லையாக வெட்டிக் காயவைத்தால் நீலக்கட்டி.

100 கிலோ பச்சை இலைக்குத் தூய நீலம் ஒரு கிலோகூடத் தேறாது. இந்தக் கணக்கை மனசில் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்படிக் கிடைத்த நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் எப்படி நுழையும்? இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள், நுண்ணுயிர்கள். சுண்ணாம்பு அல்லது சாம்பல் தெளிவு சேர்த்துக் காரமாக்கின பானையில், நீலக்கட்டியோடு அவற்றுக்குத் தீனியும் போட்டு, கதகதப்பாக மூடி வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பாக்டீரியா பெருகி நீலத்தைக் கரையக்கூடிய இன்னொரு வடிவத்துக்கு மாற்றிவிடும். அப்போது பானைத் தண்ணீர் மஞ்சள் பச்சையாகவும், மேலே செம்பு மினுக்கோடு ஓர் ஆடையும், நடுவில் நீல நுரையும் இருக்கும். துணியை முக்கி எடுத்தால் வெளியே வரும்போது பச்சை. காற்றுப் பட்டதும் நம் கண் முன்னாலேயே நீலமாகும். அடர் நிறம் வேணும்னா மறுபடி மறுபடி முக்க வேண்டும்.

தீனிக்கு நம் தென்னாட்டுச் சாயக்காரர்கள் எதைப் போட்டார்கள் தெரியுமா? தகரை விதை. மழை பெய்ததும் வரப்பெல்லாம் முளைத்து நம் உயிரை வாங்குகிற அதே தகரைதான். விதையைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாகப் பானையில் ஊற்றுவார்கள். பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் செய்து பழகின நமக்கு இது ஒண்ணும் புதுசில்லை. வாசனை பார்த்து, நுரை பார்த்து, குச்சியால் கலக்கி, "இன்னும் ரெண்டு நாள் ஆகணும்" என்று சொல்கிற கை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பானை ஒருநாள் செய்து கொட்டிவிடுகிற சரக்கும் இல்லை. தீனி போட்டு, சூடு பார்த்து, ஓய்வு கொடுத்து மாதக்கணக்கில் மாடு மாதிரி பராமரிக்கலாம்.

ஜப்பானில் மக்கு உரம் போல நீலம்

ஜப்பானின் தொகுஷிமா பகுதியில் அவுரி கிடையாது. அங்கே வளர்ப்பது வேறொரு குடும்பத்துச் செடி. அவர்கள் நீலக்கட்டி எடுப்பதில்லை. காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, வைக்கோல் பாயால் மூடி, ஏறத்தாழ 100 நாள் மக்கவைக்கிறார்கள். குவியல் 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். முடிவில் கிடைக்கும் கறுத்த மக்குக்கு சுகுமோ என்று பெயர். எவ்வளவு தண்ணீர் தெளிக்கலாம் என்று தீர்மானிக்கவே தனியாக ஒரு நீர்க்காரர் உண்டு. கூடினால் அழுகும், குறைந்தால் சூடேறாது. கம்போஸ்ட் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

செயற்கை நீலம் வந்தபிறகு இந்தத் தொழில் கிட்டத்தட்ட அழிந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் உணவுப் பயிர்தான் போடணும் என்று நீலச்செடிக்குத் தடையும் வந்தது. அந்தச் செடியின் விதை ஒரு வருஷத்துக்கு மேல் முளைக்காது. தடை நாலு வருஷம் நீடித்தால் விதை ஒரேயடியாகப் போய்விடும். ஒரு பழைய நீலக் குடும்பத்தார் மலைப்பக்கம் மறைவாகக் கொஞ்சம் பயிரிட்டு வருஷா வருஷம் விதையெடுத்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் சுகுமோ செய்கிற குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தத் தொகுஷிமாவுக்கு வந்து தொழில் கற்றவர்தான் அமெரிக்கக் கலைஞர் ரோலண்ட் ரிக்கெட்ஸ். கற்றுக்கொண்டு ஊருக்குப் போய், இண்டியானா மாநிலத்தில் தானே நீலச்செடி பயிரிட்டு, இலை மக்கவைத்து, அந்தச் சாயத்தில் பெரிய பெரிய துணிகளை நனைத்துக் கண்காட்சிக் கூடங்களில் தொங்கவிடுகிறார். அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நீலம் தோய்த்த துணித்துண்டுகளைப் பலருக்குக் கொடுத்தார். அவர்கள் அதைச் சில மாதங்கள் தங்கள் வீட்டில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். சன்னலோரம் இருந்தது வெளுத்திருந்தது, மடித்து வைத்தது மடிப்பில் மட்டும் அடர்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டின் வெளிச்சமும் துணியில் பதிந்திருந்தது. அவற்றைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். நிறம் வெளுப்பதைக் கடைக்காரர் குறை என்பார். ரிக்கெட்ஸ் அதையே படமாக்கினார்.

மாலியில் ஒரு வயலும், நீல ஆடுகளும்

அபூபக்கர் ஃபோஃபானா மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். எழுத்துக்கலை கற்றவர். மாலியில் இலையை இடித்து உருண்டை பிடித்துக் காயவைத்து நொதிக்கவைக்கும் பழைய நீல முறை ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. அதை மீட்பதே வாழ்நாள் வேலை என்று எடுத்துக்கொண்டார். ஜப்பான் வரை போய்க் கற்றார். பிறகு மாலியின் சிபி பகுதியில் நிலம் எடுத்து நீலச்செடிகளைப் பயிரிடத் தொடங்கினார். கையால் நூற்ற உள்ளூர்ப் பருத்தியைக் குறுகிய பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று தைத்து, வானம் வெளுக்கிற நேரத்து நிறம் முதல் நடுராத்திரி நிறம் வரை படிப்படியாக நனைக்கிறார். சுவர் முழுக்க அந்தப் பட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டால், ஒரே பானைக்குள் எத்தனை நீலம் இருக்கிறது என்று தெரியும்.

2017ல் டாக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சி கிரீஸின் ஏதென்ஸிலும் ஜெர்மனியின் காசெலிலும் நடந்தது. அங்கே ஏதென்ஸ் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் ஃபோஃபானா 54 செம்மறிகளுக்கு நீலச் சாயம் ஏற்றி மேயவிட்டார். ஆப்பிரிக்காவில் 54 நாடு, அதற்கு 54 ஆடு. கடல் தாண்டி அந்த நாட்டுக்கு அகதியாக வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. கலை விமர்சகர்கள் என்னென்னமோ எழுதினார்கள். எனக்குப் பட்டது, ஆட்டு மேல் தைரியமாகப் போடக்கூடிய சாயம் என்றால் அது எப்படிப்பட்ட சாயம் என்பதுதான்.

நமக்கும் மாலிக்கும் ஒரு பழைய கணக்கு

புதுச்சேரியிலிருந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிய ஒரு துணி உண்டு. கினே துணி என்பார்கள். சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்து, நம் பக்கத்து அவுரியில் அடர் நீலமாகத் தோய்த்த பருத்தித் துணி. அது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே அதை உடுத்தியதோடு பணமாகவும் பயன்படுத்தினார்கள். கருவேல இனத்து மரத்துப் பிசின் இத்தனை மூட்டைக்கு இத்தனை நீலத்துணி என்று வியாபாரம் நடந்தது. அதற்கும் முன்பு மனிதர்களையே அடிமையாக வாங்கச் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொடுத்ததும் நடந்தது. அந்தச் செனகல் ஆறு மாலியிலிருந்துதான் வருகிறது. ஃபோஃபானாவின் முன்னோர் நாட்டில் நம் நாட்டு நீலம் நாணயமாகச் செலாவணியான காலம் ஒன்று இருந்தது. நம் ஊர் அவுரி விவசாயி அதில் எவ்வளவு பார்த்தார் என்பதுதான் எனக்கு எழுகிற கேள்வி. அதற்குப் பதிலை வடக்கே நடந்ததிலிருந்து ஊகிக்கலாம்.

முன்பணம் என்ற தூண்டில்

வங்கிக்காரன் கண்ணால் படித்தால் நீலத்தின் வரலாறு முழுக்கக் கடன் வரலாறுதான். வங்காளத்தில் வெள்ளைக்கார நீலத் தோட்டக்காரர்கள் விவசாயிக்குச் சிறு முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்குவார்கள். நல்ல நிலத்தில் நீலம்தான் போடணும். விலையை வைப்பது அவர்கள், அளப்பதும் அவர்கள். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் முன்பணம் கழியாது, அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். அப்பன் வாங்கின கடன் மகன் தலையில். 1859ல் நதியா மாவட்டத்து உழவர்கள் "இனி ஒரு செடி போட மாட்டோம்" என்று எழுந்தார்கள். கலகம் பரவியது. 1860ல் அரசு விசாரணைக் கமிஷன் வைத்து, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பீகார் சம்பாரணில் வேறு விதம். 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் குத்தகைதாரர் நீலம் போட்டே ஆகணும். 1897ல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இலை நீலத்தின் விலை சரிந்தது. அப்போது தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனிங்க. "சரி, இனி நீலம் போட வேண்டாம், அதற்குப் பதில் குத்தகையைக் கூட்டிக் கொடு, இல்லையென்றால் மொத்தமாக ஈட்டுத்தொகை கட்டு" என்றார்கள். விலை இருந்தபோது லாபம் அவர்களுக்கு, விலை விழுந்தபோது நஷ்டம் உழவனுக்கு. 1917ல் காந்தி அங்கே போனார், 1918ல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, இன்றைக்கு அவுரி ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டுகிறவர் நல்லவராகவே இருக்கலாம். தாளைப் படித்து, சந்தை விழுந்தால் நஷ்டம் யார் தலையில் என்ற ஒரு வரியைத் தேடுங்க. அந்த வரி இல்லையென்றால் உங்க தலையில் என்று அர்த்தம்.

இலை நீலமும் ஆலை நீலமும்

உள்ளதைச் சொல்லணும். இலையில் வருகிற நீலமும் ஆலையில் செய்கிற நீலமும் மூலக்கூறில் ஒன்றுதான். சாயம் ஏறின துணியைப் பார்த்து மட்டும் எது எதுவென்று சொல்வது கஷ்டம். வித்தியாசம் செய்கிற வழியில் இருக்கிறது. ஆலை நீலத்தின் மூலப்பொருள் பெட்ரோலிய வழி ரசாயனம். அதைக் கரைக்கச் சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் போடுகிறார்கள். சாயக்கழிவு ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று நொய்யல் கரையில் கேட்டால் சொல்வார்கள். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. அங்கே கழிவானது நீலம் மட்டுமில்லை, எல்லாச் சாயமும் உப்பும்தான். ஆனால் ஒரு துணியின் நிறம் உழவனுடைய கிணற்றோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே சமயம், இயற்கைச் சாயம் என்று பலகை மாட்டினதெல்லாம் சுத்தமும் இல்லை. மற்ற பல இலைச் சாயங்களுக்கு நிறம் பிடிக்கப் படிகாரம் போன்ற உப்பு வேண்டும். சிலர் செம்பு உப்பு, தகர உப்பு என்று போடுவார்கள், அது நிலத்துக்கு ஆகாது. அவுரிக்கு அந்தத் தேவையே இல்லை என்பது அதன் பெரிய பலம்.

இன்னொன்று. உலகத்து ஜீன்ஸ் துணிக்கெல்லாம் இலை நீலம் போட முடியாது. போட நினைத்தால் சோறு விளைகிற நிலமெல்லாம் அவுரிக்குப் போயிடும். இலை நீலத்தின் சந்தை சின்னது, சின்னதாகவே இருக்கும். கைத்தறி, கலைஞர், சிறு பட்டறை, நம்பி வாங்குகிற கொஞ்சம் வாடிக்கையாளர். அது நிலையான சந்தைதான், ஆனால் ஒரு மாவட்டமே சேர்ந்து போட்டால் தாங்காது. "எல்லாரும் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் விதை விற்கிறவராக இருக்கக்கூடும்.

போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் பெயர். நீலம் தருவது நீலி என்கிற அவுரி, இண்டிகோஃபெரா டிங்டோரியா. தென் மாவட்டங்களில் மலமிளக்கி மருந்துக்கு ஏற்றுமதியாகும் சென்னாவையும் அவுரி என்றே சொல்கிறார்கள். அதில் நீலம் வராது. விதை வாங்கும்போது எந்த அவுரி என்று கேட்டு வாங்கணும். விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஊறவைத்து விதைத்தால்தான் சீராக முளைக்கும். தண்ணீர் தேங்கினால் செடிக்கு ஆகாது. மூன்று மாதத்தில், பூக்கிற தருணத்தில் முதல் அறுப்பு, தழைத்தபின் இன்னொரு அறுப்பு.

இரண்டாவது, தொட்டி எவ்வளவு தூரம்? இலையை அறுத்த அன்றே ஊறப்போட வேண்டும். வாடி வதங்கினால் நீலம் குறையும். 100 கிலோவுக்கு ஒரு கிலோ தேறாத சரக்கை லாரியில் ஏற்றி 60 கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசல் காசுகூட மிஞ்சாது. பத்துப் பேர் சேர்ந்து ஊரிலேயே தொட்டி கட்ட முடியுமா என்று யோசிங்க. இலையாக விற்பதற்கும் கட்டியாக விற்பதற்கும் மதிப்பில் உள்ள தூரம் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. தலைமுடிச் சாயத்துக்கு இலைப்பொடி கேட்கிறவர்களும் உண்டு. அது வேறு சந்தை, வேறு பக்குவம்.

மூன்றாவது, தரம் பார்க்கத் தெரியணும். நல்ல நீலக்கட்டி எடை குறைவு, தண்ணீரில் போட்டால் மிதக்கும். நகத்தால் தேய்த்தால் செம்பு மாதிரி மினுங்கும். மண் கலந்த கட்டி கனக்கும், மூழ்கும். இந்தச் சோதனைகளை நாமே தெரிந்து வைத்திருந்தால் "உங்க சரக்கு மட்டம்" என்று வாய்க்கு வந்தபடி விலையைக் குறைக்க முடியாது.

நான்காவது, குறிப்பேடு. துணியைப் பார்த்து இலை நீலமா ஆலை நீலமா என்று சொல்ல முடியாது என்றேன் இல்லையா? கலைஞரும் பட்டறைக்காரரும் ரூபாய் கூடக் கொடுப்பது அந்த நம்பிக்கைக்குத்தான். எந்த வயல், எந்தத் தேதி அறுப்பு, எத்தனை கிலோ இலை, எத்தனை கிலோ கட்டி, எந்தத் தொட்டி என்று ஒவ்வொரு ஈட்டுக்கும் எழுதி, கட்டியோடு ஒரு சீட்டுக் கட்டிக் கொடுங்க. துணியோடு உங்கள் ஊர் பெயரும் போகணும் என்று கேளுங்க. ரிக்கெட்ஸும் ஃபோஃபானாவும் தங்கள் வயலைப் பற்றிச் சொல்லித்தான் துணியைக் காட்டுகிறார்கள். அந்த வயல் நம்முடையதாக இருக்கும்போது அதை மட்டும் சொல்லாமல் விடுவானேன்?

ஐந்தாவது, ஒப்பந்தம். தமிழில் இருக்கணும். எடை உங்கள் களத்தில் போடணும். எத்தனை நாளில் பணம் என்று எழுதியிருக்கணும். முன்பணம் என்றால் எவ்வளவு, எப்படிக் கழியும், பயிர் போனால் என்ன ஆகும் என்று இருக்கணும். "தரம் திருப்தியாக இருந்தால்" என்ற வாசகம் இருந்தால், யாருக்குத் திருப்தி, எந்தச் சோதனையில் என்று கேட்டு எழுத வையுங்க.

கடைசியாக, நான் ஏன் 40 சென்ட்டோடு நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நெல் அறுத்தபின் மாசியில் அவுரி விதைக்கிறேன். அது பயறு வகைக் குடும்பம், வேரில் முடிச்சு உண்டு. தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். தொட்டியில் ஊறின சக்கையை வாரி வந்து வயலில் போட்டால் நல்ல உரம். வாங்க வருகிறேன் என்றவர் வரவில்லையா, விலை கட்டவில்லையா, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுவேன். அடுத்த நெல்லுக்குத் தழையுரம் ஆச்சு. வங்கியில் இருந்தபோது, திட்டம் தோற்றாலும் அசல் போகாத மனுவைப் பார்த்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுவேன். அவுரியைக் கொஞ்சமாகப் போடுகிற வரைக்கும் அது அந்த வகை மனுதான். உணவுப் பயிரை எடுத்துவிட்டு, கடன் வாங்கி, முழு நிலத்திலும் போட்டால் அது வேறு மனு.

போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த மாசியில் அஞ்சு பத்து சென்டில் தொடங்குங்க. வரப்புத் தகரையைப் பிடுங்கி எறியாமல் விதை முற்றவிட்டுச் சேர்த்து வையுங்க. ஒரு மண்பானையில் நொதிக்கவைத்து, வீட்டில் கிடக்கிற பழைய வேட்டித் துண்டை முக்கிப் பாருங்க. பச்சையாக வெளியே வந்து கையில் இருக்கும்போதே நீலமாகிறதை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேச உட்காருங்க.